சாமி வழியில் ஒரு கம்பி

— எழுதினத படிக்கறேன், கேட்டுக்குங்க லைன்காரரே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, பிப்ரவரி இருபது, திங்கக்கிழமை, மாசி மகம். முத்தியால்பேட்டை நூல் சங்கம், ஆபீஸ் கம்ப்யூட்டர் மெஷின் ரூம். காலையிலேர்ந்து குடோன் கணக்கு லைன்ல வந்துக்கிட்டிருக்கு. லைன்ல கோளாறு இல்ல. ஒப்பம், தையல்நாயகி.

— கோளாறு இல்லன்னு ரெண்டு தபா எழுதுங்க மெஷினம்மா. நாளைக்கு வர்ற கமிட்டி நல்லா படிக்கட்டும். சாமிக்கண்ணுன்னு என் பேரையும் போடுங்க.

— ஒருதரம் எழுதினா போதும். நீங்க எங்கேர்ந்து பேசறீங்க? காத்து அடிக்குதே.

— குடோன் மொட்டமாடியில. நம்ம கேபிள்ல சும்மா கெடந்த ஒரு ஜோடிக் கம்பியில டெலிபோன மாட்டிக்கினு குந்தியிருக்கேன். தெருவுக்கு அந்தாண்ட நீங்க, இந்தாண்ட நானு. நடுவுல தொங்குது கேபிளு. அதுமேல ஒரு காக்கா.

— வெரட்டுங்க அத.

— இன்னாத்துக்கு? உங்க கணக்க கொத்திடுமா?

— கொத்தினாலும் கொத்தும். ஒரு வருஷத்து நூல் கணக்கு. சாயங்காலத்துக்குள்ள குடோன் பெட்டியிலேர்ந்து என் மெஷினுக்கு வந்தாகணும். நடுவுல கம்பி ஒரு நிமிஷம் விட்டுப்போனாக்கூட மறுபடி மொதல்லேர்ந்து. அப்ப நாளைக்குக் காலையில கமிட்டி முன்னால திரை காலியாத்தான் இருக்கும்.

— தோ, வெரட்டிட்டேன். தூங்குறீங்களா? கொரலு எங்கியோ கெணத்துலேர்ந்து வர்றாப்புல இருக்கு.

— கண்ணு சொக்குது. இந்த ரூம்ல ஜன்னலே கெடையாது இல்ல? குளிரு மெஷின் ஒரே ராகமா ஓடிக்கிட்டு இருக்கு. திரையில ஒவ்வொரு புள்ளியா விழுது. ஒரு புள்ளி விழுந்தா ஒரு கட்டுக் கணக்கு வந்து சேந்துச்சுன்னு அர்த்தம். அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். எப்பக் கண்ண மூடினேன்னு தெரியல. நூல் சிப்பமெல்லாம் எறும்பாட்டம் வரிசையா உங்க கம்பிமேல நடந்து தெருவத் தாண்டி வருது. கீழ ஜனங்க அண்ணாந்து பாக்கறாங்க. ஒண்ணுகூட கீழ விழல.

— எப்டி விழும்? கம்பி கட்டினது யாரு?

— கனவுலகூட பெருமையா?

— இல்ல மெஷினம்மா, நெஜமாத்தான் சொல்றேன். இந்தக் கம்பி எந்தச் சுவத்துல ஒரசுது, எந்த வெயிலுக்கு எவ்ளோ தொங்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. உள்ள இன்னா போவுதுன்னு கேட்டாத்தான் முழிப்பேன். நீங்க சொன்னப்புறம் அண்ணாந்து பாத்தேன். சிப்பமும் இல்ல, எறும்பும் இல்ல.

— எனக்கு மட்டும் என்ன? குடோன் கிளார்க்கு செல்வாம்பாள் தினம் காலையில அங்கேர்ந்து லைன் வழியா என் மெஷினுக்குள்ள வர்றாங்க. அவங்க எதப் பாக்கலாம், எதத் தொடக்கூடாதுன்னு நான்தான் வெச்சிருக்கேன். அவங்க மறந்துபோற ரகசிய வார்த்தையக்கூட நான்தான் மாத்திக் குடுக்கறேன். ஆனா அவங்க கறுப்பா செவப்பா தெரியாது. உங்க கம்பி வழியா யாரோ ஒருத்தங்க வர்றாங்க, அவ்ளோதான்.

— மாநெறம். வெத்தல போட்டுக்கினே கணக்கு அடிப்பாங்க. எப்பவும் ஒரு பக்கம் கன்னம் உப்பியிருக்கும்.

— அப்படியா! நான் ஒல்லியா கண்ணாடி போட்ட பொம்பளன்னுல்ல நெனச்சிருந்தேன்.

— சரி, ஒண்ணு கேக்கறேன். மேனேஜர் ஜானகிராமன் சாரு உங்களையும் கூப்ட்டுப் பேசினாரா?

— பேசினாரு. கதவ சாத்திட்டு.

— எனக்கும் சாத்திட்டுத்தான். ரெண்டு பேரு எதுக்கு, ஒருத்தர் போதாதான்னு கமிட்டி கேக்குதாம்.

— கணக்கு முழுசா திரையில வந்துட்டா, லைனும் நின்னு காட்டிட்டா, ரெண்டு போஸ்ட்டுக்கும் வாதாடறேன்னு என்கிட்ட சொன்னாரு.

— அதையேதான் எனக்கும் சொன்னாரு. அப்ப இந்தச் சாயங்காலம் நல்லபடியா போனா ரெண்டு பேரும் பொழைச்சோம்.

— போகலன்னா ஒருத்தரு வீட்டுக்கு.

— என்னய வீட்டுக்கு அனுப்பாதீங்க சாமி. என் சம்சாரம் அன்னக்கிளிக்கு இது மாசம். சாரத்துல இருக்கற எங்க மாமியாரு இப்பவே, லைன்காரன்னா லைட்டுக் கம்பம் ஏறறவனான்னு கேக்குது.

— எங்கப்பாவுக்கு மில்லு மூடினதுலேர்ந்து என் சம்பளம்தான். யாரும் போக வேணாம். ரெண்டு பேரும் இருப்போம். நாளைக்கு நம்ம ரெண்டு வேலைக்கும் வித்தியாசம் என்னன்னு கேட்டா என்ன சொல்லப் போறீங்க?

— எங்க, நீங்க சொல்லுங்க மொதல்ல.

— உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு எடம் குடுத்து, அவங்க வெச்சத பத்திரமா வெச்சு, கேட்டா எடுத்துக் குடுக்கறது என் வேல. மெஷின் படுத்தா எழுப்பறதும் நான்தான்.

— வர்றவங்க வழியில தொலையாம வந்து சேர்றது என் வேல. ரூமுல எத்தினி பேரு, என்னா பேச்சுன்னு எனக்கு வேணாம். அய்ய, நீங்க சொன்னது பெரிசா இருக்கு, என்னுது சின்னதா இருக்கே.

— சின்னதா சொன்னாத்தான் கமிட்டிக்குப் புரியும்.

— இருங்க இருங்க. மேளம் கேக்குதா?

— போன்ல கேக்குது. இங்க சுவத்து வழியா ஒண்ணும் வராது. எந்த ஊர் சாமி?

— காலையிலேர்ந்து எத்தினியோ சாமி வைத்திக்குப்பம் கடலுக்குப் போயாச்சு. எல்லாம் நம்ம கம்பிக்கு அடியில பூந்து போயிடுச்சு. இது அப்டி இல்ல. டிராக்டர் மேல வருது. பூ அலங்காரமே மாடி ஒசரம் இருக்கு. அதுக்கு மேல கொட. தூரத்துல பாத்தா ஒரு தோட்டம் எழுந்து நடந்து வர்றாப்புல இருக்கு மெஷினம்மா.

— கொட என்ன நெறம்?

— பச்ச.

— கரையில வெள்ளையா?

— ஆமா.

— அது எங்க அப்பா ஊரு சாமி! ரெட்டியார்பாளையத்துக்கு மேக்க. வருஷா வருஷம் நானும் கூட நடப்பேன். இந்த வருஷம்தான் இங்க குளிர்ல ஒக்காந்து புள்ளி எண்ணிக்கிட்டு இருக்கேன்.

— முன்னாடி ஒருத்தரு நீட்டுக் கழி வெச்சுக்கினு தெருக் கம்பியெல்லாம் தூக்கி உட்டுக்கினே வர்றாரு. கழி முனையில அருவா கட்டியிருக்கு. நெட்டையா, மஞ்சத் துண்டு. கால கொஞ்சம் சாச்சு நடக்கறாரு.

— அவருதான் எங்கப்பா.

— உங்கப்பாவா?

— பேரு பாவாடை, கூப்ட்டுப் பாருங்க, திரும்புவாரு. அருவா எதுக்கு?

— மரக்கெளைக்கு. இப்பத்தான் ஒரு வேப்பங்கெளைய இஸ்து வெட்டினாரு. மெஷினம்மா, நான் கண்ணால அளந்துட்டேன். சாமி நம்ம கேபிளுக்கு அடியில பூராது. கழியால தூக்கினாலும் ஆவாது. இது லைட்டுக் கம்பி மாதிரி தொளதொளன்னு இல்ல, இறுக்கிக் கட்டியிருக்கேன்.

— அப்ப?

— கழட்டிடறேன். சாமி போனதும் மாட்டிடறேன். சுருக்கா முடிச்சுடுவேன்.

— கழட்டினா போச்சு! பாதிக்கு மேல வந்துட்டுது லைன்காரரே. இனி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சா நடு ராத்திரி தாண்டினாலும் முடியாது.

— நான் கழட்டலன்னா உங்கப்பா வெட்டுவாரு.

— அவர நிக்கச் சொல்லுங்க. இது என் மெஷினோட கம்பின்னு சொல்லுங்க.

— இருங்க, கைப்பிடிச் சுவத்துல எட்டிக் கேக்கறேன்... அலோ, மெஷினம்மா?

— சொல்லுங்க, சொல்லுங்க.

— சாமி கெளம்பிட்டா நிக்காதாம். கடல்ல எறங்கற நேரம் குறிச்சாச்சாம்.

— என் பேரச் சொன்னீங்களா?

— சொன்னேன். “எம் பொண்ணு வேல செய்யறது உள்ள, இந்தக் கம்பி கெடக்கறது வெளிய, அதுக்கும் இதுக்கும் இன்னாய்யா சம்பந்தம்”ங்கறாரு.

— அப்பாவையே கமிட்டியில போட்டிருக்கலாம்.

— சிரிக்கற நேரமா? சாமி செட்டியார் கட முக்குக்கு வந்துட்டுது. அங்க நின்னு தீவாராதன காட்டறாங்க. அதுதான் நமக்கு நேரம். நான் சொல்றத கேளுங்க. இங்க மாடியில தண்ணித் தொட்டி இருக்கு. கேபிள கொக்கியிலேர்ந்து எடுத்து தொட்டி மேல ஏத்திட்டேன்னா, சாமி என் பக்கமா ஒதுங்கி அடியில போயிடும். இணைப்பு எதையும் கழட்ட வேணாம். ஆனா கம்பி நீளம் பத்தல.

— நீளத்துக்கு எங்க போறது?

— உங்க காலுக்குக் கீழ.

— என்ன?

— மெஷினுக்குப் பின்னாடி, சுவர ஒட்டின தரைப்பலகைய தூக்கிப் பாருங்க. அடியில ஒரு சுருள் கேபிள் உட்டு வெச்சிருக்கேன்.

— என் ரூம்லயா? எனக்குத் தெரியாமயா?

— தெரிஞ்சா எடுத்துக்கினு போங்கன்னு கத்தியிருப்பீங்க. வழியில என்னா வரும்னு யாருக்குத் தெரியும்? எந்த லைன்காரனும் கொஞ்சம் மிச்சம் உட்டுத்தான் வெப்பான்.

— நீங்க வந்து எடுங்க.

— தெரு பூரா ஜனம். நான் எறங்கி, நீந்தி, உங்க படி ஏறறதுக்குள்ள சாமி கம்பியில முட்டிடும். நீங்கதான் எடுக்கணும்.

— நான் லைன தொடக்கூடாது. சுவத்துப் பெட்டிக்கு அந்தாண்ட நீங்க, இந்தாண்ட நான். அன்னிக்கு அவ்ளோ சண்ட போட்டு அந்தக் கோடு போட்டது யாரு?

— நாமதான். நாம போட்ட கோடுதான? இன்னிக்கு ஒரு நாளு தாண்டி வாங்க. நான் கூடவே இருக்கேன்.

— போன தோள்ல இடுக்கிக்கறேன். பேசிக்கிட்டே இருங்க... பலக வந்துடுச்சு. அப்பா, என்ன தூசி! ஆமா, இருக்கு. பாம்பு சுருண்டு கெடக்கறாப்புல.

— கடிக்காது. சுருள மெதுவா பிரிச்சு தரையில படுக்க வைங்க. முறுக்கு உழக்கூடாது. இப்ப சுவத்துப் பெட்டிக்கு மேல கேபிள ஒரு பட்ட இறுக்கிப் புடிச்சிருக்கும், பாருங்க.

— ரெண்டு திருகு இருக்கு. திருப்புளி இல்ல.

— கத்திரிக்கோல் இருக்கா? முனையால திருப்புங்க. முழுசா எடுத்துடாதீங்க, தளர்த்தினா போதும். எடது கையால பிளக்கத் தாங்கிப் புடிச்சுக்குங்க. பொறந்த புள்ளையோட கழுத்தத் தாங்கறாப்புல.

— புள்ளக் கழுத்து உங்களுக்கு எப்டித் தெரியும்?

— எதிர் வூட்டுப் புள்ளையில பழகிக்கறேன். திருகு தளந்துச்சா?

— ஒண்ணு தளந்துச்சு. ரெண்டாவதும்... தளந்துச்சு. லைன்காரரே, வெளிச்சம்!

— என்னா வெளிச்சம்?

— கேபிள் வர்ற ஓட்ட வழியா வெயில் உள்ள வருது. எதிர்ச் சுவத்துல காசு மாதிரி விழுந்திருக்கு. கற்பூர வாசன வருது. இந்த ரூமுக்கு வெளிய இவ்ளோ கிட்டயா தெரு இருக்கு?

— அப்புறம் ரசிக்கலாம். நான் இங்க கொக்கியிலேர்ந்து எடுத்துட்டேன். தொட்டி ஏணியில நிக்கறேன். இப்ப நீங்க ஊட்டுங்க. நீங்க தள்ளவும் கூடாது, நான் இஸ்துக்கவும் கூடாது. கம்பி தானா போவணும். கையில உங்களுக்கே தெரியும்.

— தெரியுது. யாரோ அந்தப் பக்கம் வெரலப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறாப்புல இருக்கு.

— அதேதான்! அதான் வேல. புள்ளி விழுதா?

— விழுது. விழுது... வாங்க சார்.

— அலோ, தையல்! மோன் தியே, கடவுளே! என்ன இது, தரையப் பேத்துப் போட்டிருக்க? லீவு நாளாச்சே, பொண்ணு தனியா இருக்காளே, ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு கடற்கரையிலேர்ந்து வந்தா, ரூமே தலைகீழா கெடக்கு!

— ஜானகிராமன் சார், பேசாதீங்க. அந்தச் சுருளத் தூக்கிப் புடிங்க. முறுக்கு விழக்கூடாது.

— நானா? வேட்டி வெள்ள வேட்டிம்மா. சரி, சரி. தூஸ்மான், தூஸ்மான். மெதுவா. ஏம்மா, இது சாமிக்கண்ணு வேலயில்ல?

— அவரு எதிர் மாடியில தொட்டி மேல நிக்கறாரு சார். சாமி வருது. லைன்காரரே, சார் வந்திருக்காரு.

— வணக்கம்னு சொல்லுங்க. இன்னும் ரெண்டு மொழம். இன்னும்... இன்னும்... நிறுத்துங்க! போதும். கட்டிட்டேன். பட்டையத் திரும்ப இறுக்காதீங்க, அப்டியே கையில தாங்கிக்குங்க. சாமி அடியில வருது.

— புள்ளி நின்னுபோச்சு.

— என்னா?

— விழல. திரை அப்டியே நிக்குது.

— பிளக்கப் பாருங்க. சாஞ்சிருக்கா?

— ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. நிமித்தறேன்... இல்ல... இப்ப... விழுந்துச்சு! விழுது, விழுது! ஒரு நிமிஷம் ஆகல, மெஷினே விட்டதத் திரும்பக் கேட்டு வாங்கிக்கிச்சு!

— பிராவோ! எலக்ட்ரீஷியன் மாதிரியில்ல கையப் புடிச்சிருக்க! அப்பா எங்க வேல பாத்தாருன்ன? மில்லுலயா? அதான் கையி.

— லைன்காரரே, என்ன ஆச்சு? சொல்லுங்களேன்.

— கொட ஒரசாம போயிட்டுது மெஷினம்மா. கம்பிக்கும் கொடைக்கும் நடுவுல ஒரு கைப்புடி எடவெளி. மேல குத்தியிருந்த சாமந்தி ஒண்ணு கேபிள்ல மாட்டிக்கினு ஆடுது. உங்கப்பா கழியத் தோள்ல சாச்சுக்கினு கம்பியவே அண்ணாந்து பாத்துக்கினு போறாரு.

— நான் பாக்கணுமே.

— ஓட்டையில கண்ண வைங்க. சாரு தாங்கிக்குவாரு.

— சார், இத ஒரு நிமிஷம் புடிங்க. இந்தக் கழுத்துல, இப்படி... பச்ச தெரியுது. பச்சையும் வெள்ளையும். அவ்ளோதான் தெரியுது. போதும். தண்ணிக்கு அடியிலேர்ந்து பாக்கறாப்புல ஆடி ஆடிப் போகுது. பின்னாடி யாரோ ஒரு பொம்பள ஒரு பக்கம் கன்னம் உப்பி, வெத்தல போட்டுக்கிட்டுப் போறாங்க. செல்வாம்பாளா இருக்குமோ?

— ஊரே வெத்தலதான் போடுது இன்னிக்கு.

— நான் அவங்கன்னே வெச்சுக்கறேன்.

— தையல், இப்ப இந்தப் பட்டைய நீயே இறுக்கிடுவியா? ஆள் வேணுமா?

— நானே இறுக்கிடறேன் சார். ரெண்டு திருகுதான்.

— த்ரே பியேன். ரொம்ப நல்லது. நீ பாத்துக்கிட்டு இரு. நான் வெளிய போய் சங்கத் தலைவர் வீட்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வர்றேன். இத இப்பவே சொல்லணும் அவருக்கு.

— கேட்டீங்களா லைன்காரரே? தலைவருக்குப் போன் பண்ணப் போயிருக்காரு. முகமெல்லாம் சிரிப்பு.

— கேட்டேன். அன்னக்கிளிகிட்ட மொதல்ல சொல்லணும். மாமியாருகிட்ட ரெண்டாவதா, சத்தமா.

— நீங்க இல்லன்னா இன்னிக்கு நான் அழுதுக்கிட்டு நின்னிருப்பேன்.

— கையி உங்களுது. நான் வெறும் வாயிதான. நல்லா வருது உங்களுக்கு. முறுக்கு உழாம பிரிக்கறதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, என் வாத்தியாருகிட்ட திட்டு வாங்கி.

— நாளைக்கு நீங்க உள்ள வாங்க. மெஷின் எப்டி ஆளுக்கு ஆள் எடம் குடுக்குதுன்னு நான் காட்டறேன். உங்க கம்பி வழியா என்ன போகுதுன்னு ஒருதரமாவது பாருங்க.

— செருப்பக் கழட்டிட்டு வர்றேன். இப்ப எத்தினி பாக்கி?

— கொஞ்சந்தான். பேசாம இருங்க, சேந்து பாக்கலாம். நீங்க கம்பியப் பாருங்க, நான் திரையப் பாக்கறேன்.

— எனக்கு இப்பத் தெரியறாப்புல இருக்கு மெஷினம்மா. சிப்பம் ஒண்ணு, தோ, சாமந்திப் பூவத் தாண்டி வருது.

— வந்துடுச்சு. அடுத்தது?

— அதுவும் வருது. அதுக்குப் பின்னாடி ஒண்ணு. அதோட வரிசை தீந்துபோச்சு.

— தீந்துபோச்சு! கடைசிப் புள்ளி. முழுக் கணக்கும் வந்து சேந்துச்சு லைன்காரரே!

— தையல், அந்தப் போன இப்படிக் குடு. அலோ, சாமிக்கண்ணு, கேக்குதா?

— கேக்குது சார். முழுசா வந்துட்டுதாம் சார். தலைவரு இன்னா சொன்னாரு? ரெண்டு போஸ்ட்டும் குடுத்துடுவாங்கல்ல?

— கமிட்டி கேட்ட கேள்விக்கு எனக்கே இத்தன நாளா பதில் தெரியலப்பா. இன்னிக்குக் கண்ணால பாத்தேன். உள்ள இருந்துக்கிட்டே இந்தப் பொண்ணு லைனையும் பாத்துடுச்சு.

— நான் சொல்லிக் குடுத்தேன் சார். போன்ல.

— நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க.

— சார், போன என்கிட்ட குடுங்க. சார், அவரு இல்லன்னா எனக்குக் கேபிள் எங்க இருக்குன்னே தெரியாது!

— இரும்மா. அவன் வீட்டு நெலம எனக்குத் தெரியாதா? தலைவர் கேட்டப்ப பாத்ததத்தான் சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு.

— என்னான்னு சார் சரின்னாரு?

— மார்ச் ஒண்ணாந் தேதியிலேர்ந்து மெஷினும் லைனும் ஒரே போஸ்ட் சாமிக்கண்ணு. தையல்நாயகி பாத்துக்குவாங்க.